திருடினால்தான் மழை

மத்லகலாவுக்குப் பிடிக்காதவற்றை அடுக்கத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும். மைக்கைப் பிடித்தால் விடாதவர்களைப் பிடிக்காது. ரிப்பன் வெட்டுகிறவர்களைப் பிடிக்காது. வறட்சிக் காலத்தில் காரில் வந்து, புழுதி ஒட்டாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து, "எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்று கேட்கிறவர்களை அறவே பிடிக்காது. ஒலிம்பிக்கின் ஐந்து வளையங்களை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இத்தனைக்கும் ஹா பெட்லானே கிராமத்தில், ஏன், மஃபெடெங் வட்டாரம் முழுவதிலும், ஒலிம்பிக்கில் ஓடிவிட்டு வந்த ஒரே பெண் அவள்தான்.

அவள் பேருக்குக் குப்பை என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதற்கும் அழகான பேராக வைத்தால் சாவு மறுபடி வாசலுக்கு வரும். குப்பையை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கணக்கு பலித்தது. ஒரு வறட்சியில் பிறந்து, அடுத்த வறட்சியில் வயதுக்கு வந்து, அதற்கடுத்த வறட்சியில் அவள் ஒலிம்பிக்குக்குப் போனாள்.

ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள எங்கள் மலைநாடு லெசோதோ. அதன் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் பேரைச் சொல்லிக் கற்றுக்கொடுப்பார்கள். கிராமத்தில் அப்படியில்லை. அந்த வறட்சி, இந்தப் பனி, அதற்கடுத்த வறட்சி என்றுதான் நாங்கள் வயதைச் சொல்வோம். நடுவில் நாலு வருடத்துக்கொரு தடவை ஒலிம்பிக் வரும். என்ன பொருத்தமோ, அது வருகிற சமயமாகப் பார்த்துத்தான் வானமும் பல முறை கைவிரித்திருக்கிறது. இங்கே சோளம் கருகும். அங்கே ஏதோ ஒரு பெரிய மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் கம்பளியைப் போர்த்தி, கூம்புத் தொப்பி வைத்து, கொடிக்குப் பின்னால் நடப்பார்கள். அவர்கள் கூடவே, அவர்களைவிடக் கூடுதலாக, அதிகாரிகள் நடப்பார்கள். பதக்கம் வந்ததில்லை. திரும்பி வரும்போது அதிகாரிகளின் பெட்டி மட்டும் கனத்திருக்கும்.

அவளை ஓட்டக்காரியாக ஆக்கியதும் ஒரு வறட்சிதான். மழை பொய்த்தால் எங்கள் பெண்கள் லெசொக்வானா ஓடுவார்கள். ஒரு ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் பக்கத்து ஊருக்குப் போய், அந்த ஊர்த் தலைவர் வீட்டுச் சமையல்கட்டில் நுழைந்து, களி கிண்டும் துடுப்பைத் திருட வேண்டும். திருடியதும் குலவை போட்டுத் தெரிவித்துவிட்டு ஓட வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் துரத்துவார்கள். துடுப்பு கைமாறிக் கைமாறி, பிடிபடாமல் ஊர் வந்து சேர்ந்தால் மழை வரும். ஆண் கை அதில் படவே கூடாது. பட்டால் அது வெறும் கட்டை. மத்லகலா பதினான்கு வயதில் பக்கத்து ஊரான ஹா லெபொனாவின் தலைவர் வீட்டுத் துடுப்பை வாங்கி ஓடியபோது, துரத்தியவர்கள் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மழை பெய்ததோ இல்லையோ, வேலியோரம் நின்று பார்த்த பள்ளிக்கூட ஆசிரியை அவளை ஓட்டப்பந்தயத்தில் சேர்த்துவிட்டாள். அங்கிருந்து மாவட்டம், தலைநகரம், கடைசியில் 1992இல் பார்சிலோனா. மாரத்தான்.

பார்சிலோனாவுக்குக் கூட வந்த அதிகாரிகளில் ஒருவன் மொகேதி. மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் மத்லகலா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

மாரத்தான் ஓடுகிறவர்கள் தங்களுக்கு ஒத்துக்கொள்கிற பானத்தைப் பாட்டிலில் ஊற்றி முன்கூட்டியே கொடுத்துவிடலாம். வழியில் நாட்டுக்கொரு இடமாக மேசையில் வைத்திருப்பார்கள். மத்லகலா ஊரிலிருந்து சோளமாவைத் துணியில் முடிந்து கொண்டுபோயிருந்தாள். தங்கியிருந்த இடத்தில் கூழ் காய்ச்சி, புளிக்கவைத்து, வடிகட்டி, பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினாள். தூரத்திலிருந்தே தன் பாட்டிலை அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மொகேதியின் வேலை. அந்த ஒரு வேலைக்காகத்தான் அவனுக்கு விமானத்தில் இடம்.

"நீ ஒண்ணும் கவலப்படாதே. ஓடுறது உன் வேல, மத்தது என் வேல" என்றான்.

கடலோரச் சாலையில் மாலை வெயில் முகத்தில் அடித்தது. முதல் மேசையில் எங்கள் கொடி இருந்தது. அதன் முன்னால் ஒன்றும் இல்லை. மற்ற நாட்டுப் பெண்கள் தங்கள் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அடுத்த மேசையிலும் கொடி, காலியிடம். அதற்கடுத்ததிலும் அப்படியே. பொதுவில் கொடுத்த வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு குலுங்கியது. கடைசி மேட்டில் ஏறும்போது கால் இரண்டும் சுருட்டிப் பிடித்தன. வாந்தி எடுத்தாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். மைதானத்துக்குள் நுழைந்தபோது பாதிக் கூட்டம் எழுந்து போயிருந்தது. கடைசியில் வந்த ஐந்தாறு பேரில் ஒருத்தி.

அறைக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மூலையில், கட்டிய நூல் அவிழாமல், எல்லாப் பாட்டில்களும் இருந்தன. வெக்கையில் பொங்கி மூடிகள் தெறித்து, கூழ் தரையில் வழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. மொகேதி முதல் நாளிலிருந்தே தோல் சட்டை வாங்கக் கடைத்தெருவில் சுற்றியிருக்கிறான். அவள் மண்டியிட்டு அந்தத் தரையைத் துடைத்தாள். ஊருக்கு வந்ததும் வானொலியில் அவன் பேசினான்: "நம்ம புள்ளைங்களுக்கு உடம்புல தெம்பு பத்தல. வறட்சி. என்ன பண்றது?"

அன்றிலிருந்து அந்த நாற்றம் அவளை விடவில்லை. கணவன் க்வாபானே ஆடுகளோடு மலைக்கு மேய்ச்சலுக்குப் போய், பெரும் பனி விழுந்த வருடத்தில் மாட்டிக்கொண்டான். அவன் உடலைக் கீழே இறக்கிக் கொண்டுவந்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது, ரொட்டியோடும் ஒரு கேமராக்காரனோடும். கேமராக்காரன் அவள் கையில் ரொட்டியைக் கொடுத்து, இப்படித் திரும்புங்கள் என்றபோது அதே நாற்றம். ஒலிம்பிக்கில் கொடுத்த பச்சை டிராக்சூட்டைக் கொண்டுபோய்ச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள். பறவைகளாவது பயப்படட்டும் என்று.

அடுத்த பெரிய வறட்சி 2015இல் பிடித்தது. நவம்பர் வந்தும் ஏர் பூட்டவில்லை. டிசம்பர் நடுவுக்குள் மழை விழுந்தால்தான் சோளம் போடலாம். பிந்திப் போட்டால் கதிர் பிடிக்குமுன், எங்கள் பக்கம் ஏப்ரலில் தொடங்கும் உறைபனி கொன்றுவிடும். ஊற்றில் ஒரு வாளி நிறைய அரைப்பொழுது உட்கார வேண்டியிருந்தது. ஊருக்குள் மறுபடி லெசொக்வானா பேச்சு எழுந்தது. அது எப்படித்தான் மொகேதியின் காதுக்குப் போனதோ, வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். இப்போது அவன் ஒரு வறட்சி நிவாரணக் குழுவுக்குத் தலைவன். அடுத்த வருட ஒலிம்பிக்குக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏற்பாட்டிலும் அவனே. இரண்டு நாற்காலியிலும் ஒரே உடம்பு.

"நம்ம தங்க மங்கை எப்படி இருக்காங்க?" என்று வாசலில் நின்று கையை விரித்தான்.

"தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. என்ன வேணும்?"

"லெசொக்வானாவ டி.வி.யில காட்டப் போறோம். வெளிநாட்டுக்காரங்க பாப்பாங்க, நிவாரணம் வரும். நீங்க முன்னால ஓடணும். ஒலிம்பிக் டிராக்சூட் போட்டுக்கிட்டு. அது இருக்குல்ல?"

"இருக்கு. பொம்ம போட்டிருக்கு."

அவன் சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிக்கிறவன். பிறகு கூடியிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னான்: "இவங்க ஓடினா ஊருக்கு ஒரு பெரிய தண்ணி டேங்க். ஹா லெபொனாவுக்கும் ஒண்ணு. ஓடலேன்னா வேற ஊரப் பாத்துக்கறேன்."

மத்லகலா முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்து வீட்டு செபோலெலோ அவள் முழங்கையைக் கிள்ளினாள். "அடியே, உன் ரோஷத்தக் காச்சிக் குடிக்க முடியுமா? டேங்க்கடி, டேங்க்."

ரோஷத்தைக் குடிக்க முடியாதுதான். சரி என்றாள்.

அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் அவள் காறித் துப்புவாள். இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள பொட்டலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே விருந்தாளிகளுக்குக் குளிர்ந்த டப்பா பானங்கள், பெண்களுக்கு வெயில். லாரி மேல் பச்சை டேங்க், ரிப்பன் கட்டிக்கொண்டு. ஒன்றுதான். இன்னொன்று பின்னால் வருகிறதாம். ஹா லெபொனா தலைவரின் மனைவி தன் வீட்டுத் துடுப்பைப் பட்டுத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, கேமரா முன்னால் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது என்ன கூத்து?" என்றாள் மத்லகலா. "குடுக்கறாங்க. திருட வேணாமா?"

ஹா லெபொனாவின் ஓட்டக்காரி பொன்ட்ஸோ பக்கத்தில் நின்றாள். மத்லகலாவின் வயதுதான், சின்ன வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் ஒருத்தி. அதை இன்னும் மன்னிக்காதவள். "எனக்கு மட்டும் தெரியாதா?" என்று முணுமுணுத்தாள். "உன்னத் தொரத்திப் பிடிக்கக் கூடாதுன்னு வேற சொல்லியிருக்கான். அந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்ல? ஓடித் தொல."

ஓடினார்கள். கேமராக்காரன் கையைத் தூக்கி, வெளிச்சம் சரியில்லை, மறுபடி என்றான். மறுபடி ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொண்டே ஓடுங்கள் என்றான். நாற்பத்தைந்து வயது முழங்கால் இரண்டும் முனகின. புழுதியில் ஓடி, பந்தலுக்கு முன்னால் அவள் வந்து நின்றபோது, மொகேதி மேடையிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினான்.

"குடுங்க."

"ஆம்பள தொடக் கூடாது."

"சும்மா ஒரு போட்டோவுக்கு. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க பாருங்க." குரலைத் தாழ்த்தினான். "லாரி இன்னும் திரும்பிப் போகலாம்."

மத்லகலா டேங்க்கைப் பார்த்தாள். வாளிகளோடு நின்ற பெண்களைப் பார்த்தாள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தியும் கொடு என்றும் சொல்லவில்லை. துடுப்பைக் கொடுத்தாள். அவன் அதை ஒலிம்பிக் தீபத்தைப் போல உயரத் தூக்கிப் பிடித்து, "இது மழையின் தீபம்" என்று தொடங்கி, பந்தலில் இருந்தவர்கள் கைதட்டி ஓயும்வரை பேசினான். போகும்போது, ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று துடுப்பையும் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

டேங்க்கில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினார்கள், அதுவும் கேமரா கிளம்புவதற்கு முன்னால். அதற்கப்புறம் தண்ணீர் லாரி அந்தப் பக்கமே வரவில்லை. ஹா லெபொனாவின் டேங்க் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது, இன்னும் வந்து சேரவில்லை. மேகம் வரும், மலைக்கு அந்தப் பக்கம் போகும்.

பழி யார் தலையில் விழும்? அவள் தலையில்தான். ஆம்பளை கையில் கொடுத்தவள். ஊற்றுக்கு அவள் போனால் மற்றவர்கள் வாளியைத் தள்ளி வைத்தார்கள். டேங்க்குக்காக முழங்கையைக் கிள்ளிய செபோலெலோவே, "என் வாளிப் பக்கத்துல வைக்காதே, ஒட்டிக்கும்" என்றாள். மத்லகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கோபத்தைவிட மேலாக அருவருப்பு வந்தது. அவர்கள்மேல் வந்தது, அவன்மேல் வந்தது, கொடுத்த தன் கையின்மேலும் வந்தது. வீட்டுக்கு வந்து கையை முகர்ந்து பார்த்தாள். பழைய கூழ் நாற்றம்.

துடுப்பால் மழை வருமா என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. ஆனால் திருடாத துடுப்பைக் காட்டி மழை கேட்பது வானத்திடம் பொய் சொல்வது. அவள் மூலமாகச் சொன்ன பொய். டிசம்பரும் பிறந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் விட்டால் இந்த வருடம் சோளமும் இல்லை, இனி எந்த வருடமும் ஊற்றங்கரையில் அவளுக்கு இடமும் இல்லை.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக ஹா லெபொனாவுக்கு, பொன்ட்ஸோவின் வீட்டுக்குப் போனாள்.

"ஓ, சாம்பியன் வந்திருக்காங்க" என்றாள் பொன்ட்ஸோ, கீரை ஆய்ந்த கையை நிறுத்தாமல். "எங்க தலைவர் வீட்ல இப்ப களி எதால கிண்டறாங்க தெரியுமா? பிளாஸ்டிக் கரண்டியால. கட்டி கட்டியா விழுது."

"துடுப்பு எங்க இருக்கு?"

"மசேருல, அவன் ஆபீஸ்ல. டி.வி.யில வந்தானே, பாக்கல? அவன் நாற்காலிக்குப் பின்னால செவுத்துல, அந்த அஞ்சு வளையத்துக்குக் கீழ ஆணி அடிச்சு மாட்டியிருக்கான். தலைவர் வீட்டுச் சாமான் இல்ல? இப்ப இவன்தான் தலைவர்."

மத்லகலா அவளையே பார்த்தாள். பொன்ட்ஸோவின் கை கீரைமேல் அப்படியே நின்றது.

"அடிப்பாவி" என்றாள் பொன்ட்ஸோ மெதுவாக. "தலைவர் வீட்ல இருந்துதானே திருடணும்."

"அவனே மாட்டி வச்சுக்கிட்டான். நாம சொன்னமா?"

"யாரு தொரத்துவா?"

"தெரியல. போய்ப் பாப்போம்."

மருத்துவமனையில் ஒரு சொந்தக்காரியைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டு ஆண்களிடம் சொல்லிவிட்டு, இரண்டு ஊர்ப் பெண்களும் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு மசேருவுக்குப் போனார்கள். மத்லகலா பக்கத்தில் மட்டும் உட்கார இடம் இருந்தும் செபோலெலோ நின்றுகொண்டே வந்தாள். தலைநகரில் இறங்கியதும் பொன்ட்ஸோ ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு இடத்தில் நிறுத்தினாள்: வாசலுக்கு எதிரே ஒருத்தி, வங்கி மூலையில் ஒருத்தி, பழக்கடை ஓரம் ஒருத்தி, அப்படியே வேன் நிலையம்வரை.

மொகேதி அவளைக் கண்டதும் எழுந்து வந்தான். "அடடே, நம்ம தங்க மங்கை. உக்காருங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? அடுத்த மாசம் ஒலிம்பிக் பிள்ளைகளுக்கு ஒரு விழா, நீங்க வந்து நாலு வார்த்த பேசினா நல்லா இருக்கும்."

அவன் மேசைமேல் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. நாற்காலிக்குப் பின்னால் வளையங்கள். அதற்குக் கீழே துடுப்பு. நுனியில் பழைய களி இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவக்கூடத் தோன்றவில்லை இவர்களுக்கு.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "பார்சிலோனாவுல என் பாட்டிலுங்க. ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பாட்டில்?"

"செவப்பு நூல் கட்டினது."

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நடிக்கவில்லை, மழுப்பவில்லை. இத்தனை வருடம் அவள் மூக்கில் நின்ற நாற்றம் அவன் தலைக்குள் ஒரு மூலையில்கூட இல்லை. "பாட்டில்... ஏதாவது தொலஞ்சு போச்சா? இங்க நெறய இருக்கு, எடுத்துக்கங்க" என்று ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான்.

மத்லகலா எழுந்தாள். மேசையைச் சுற்றிப் போனாள். ஆணியிலிருந்து துடுப்பை எடுத்தாள். கதவருகே வந்து நின்று, முறைப்படி, அடிவயிற்றிலிருந்து குலவை போட்டாள். கட்டிடம் முழுவதும் கேட்டது. பிறகு ஓடினாள்.

வெளியறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த மூன்று பெண்களும் தலை நிமிர்ந்தார்கள். நகத்துக்குச் சாயம் பூசிய, குதிகால் செருப்பு போட்ட பட்டணத்துப் பெண்கள். குலவையைக் கேட்டார்கள், துடுப்பைப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஐயோ, நம்ம துடுப்பு" என்றாள். யாரும் அவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செருப்புகளை உதறிவிட்டு, சிரிப்பும் கூச்சலுமாகத் துரத்தத் தொடங்கினார்கள். அடுத்த அறைகளிலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

வாசல் காவல்காரன் கையை விரித்து மறித்தான்.

"தொட்டுடாதேடா" என்று முன்னால் ஓடிய மத்லகலாவும் பின்னால் துரத்திய பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவன் துடுப்பைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அவன் அம்மாவும் ஏதோ ஒரு ஊரில் ஓடியவளாகத்தான் இருப்பாள்.

மேலே ஜன்னலில் மொகேதி தெரிந்தான். "திருடி, திருடி, பிடிங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். தெருவில் ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவனும் அசையவில்லை. வண்டிகள் நின்றன. பழக்கடைக்காரி தன் கடையை அப்படியே விட்டுவிட்டு எந்தப் பக்கம் என்றுகூட யோசிக்காமல் கூட ஓடினாள்.

முழங்கால் வலித்தது. மூச்சு வாங்கியது. வங்கி மூலையில் துடுப்பை எறிந்தாள். அங்கே நின்றவள் பிடித்துக்கொண்டு ஓடினாள். பட்டணத்துப் பெண்ணொருத்தி நெருங்கியதும் அது பொன்ட்ஸோவின் கைக்குப் போனது. பொன்ட்ஸோ பத்தடி ஓடிவிட்டு, வாழ்க்கையிலே முதல் முறையாகத் தன் பக்கத்தில் ஓடுகிற மத்லகலாவைத் திரும்பிப் பார்த்து, "இந்தா, நீயே கொண்டு போ. இடுப்பு பிடிச்சுக்கும்" என்று மறுபடி அவளிடமே எறிந்தாள்.

வேன் நிலையத்துக்குச் சற்று முன்னால் மேடு. அவளுக்கு மேடென்றால் எப்போதும் அந்த ஒரு மேடுதான். கால் சுருட்டிப் பிடிக்கத் தொடங்கியது. தலை நிமிர்ந்து பார்த்தாள். மேட்டின் ஓரத்தில், யாரோ கவிழ்த்துப் போட்ட காய்கறிப் பெட்டிமேல் ஒரு பாட்டில் இருந்தது. கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல். பக்கத்தில் செபோலெலோ, கண்ணை நேராகப் பார்க்க முடியாமல், போர்த்தியிருந்த கம்பளியின் நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லிச் சொல்லித் திட்டுவியே அந்தக் கத" என்றாள். "நேத்தே காச்சிப் புளிக்க வச்சேன். வாங்கிக் குடிடி, நிக்காதே, வராளுங்க."

மத்லகலா ஓடிக்கொண்டே பாட்டிலை எடுத்தாள். ஓடிக்கொண்டே குடித்தாள். கூழ் சரியாகப் புளித்திருந்தது. கெட்ட வாடை துளியும் இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறியது. துடுப்போடு வேனுக்குள் அவள் ஏறியபோது, துரத்தி வந்த ஆபீஸ் பெண் வெறுங்காலோடு கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தாள். "அக்கா, மழ வந்தா க்வாச்சாஸ்நெக் பக்கமும் கொஞ்சம் அனுப்புங்க. எங்கம்மா அங்கதான் இருக்காங்க."

மழை பிந்தித்தான் வந்தது, அதுவும் ஏனோதானோவென்று. பாதிக் கொல்லையில் சோளம் போட்டார்கள், அதிலும் பாதிதான் தேறியது. துடுப்போடு ஓடிய அன்றிரவே மொகேதி தொலைக்காட்சியில் தோன்றி, தலைநகரில் நடந்த பாரம்பரிய ஓட்டம் தன் குழுவின் ஏற்பாடு என்று சொன்னான். மழை விழுந்த மறுநாள் வானொலியில் அதற்கும் நன்றி பெற்றுக்கொண்டான். மத்லகலா வாசலுக்கு வந்து துப்பிவிட்டு உள்ளே போனாள். இதற்கெல்லாம் மருந்து கிடையாது.

சில வாரங்கள் கழித்து அவனுடைய ஓட்டுநர் வெள்ளைக் காரில் ஹா லெபொனாவுக்கு வந்தான். தலைவர் வீட்டுச் சமையல்கட்டில் அன்று இரண்டு ஊர்ப் பெண்களும் இருந்தார்கள். மத்லகலா அந்தத் துடுப்பால்தான் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா அந்தத் துடுப்பக் கேட்டாங்க" என்றான் ஓட்டுநர், உள்ளே வராமல். "ஒலிம்பிக்குக்குக் கொண்டு போகணுமாம். அங்க நம்ம நாட்டு அரங்கத்துல வைக்கிறதுக்கு."

மத்லகலா கிண்டுவதை நிறுத்தவில்லை. "வேணும்னா அவன் வீட்டுப் பொம்பளைங்கள அனுப்பித் திருடச் சொல்லு" என்றாள். "தொரத்தறதுக்கு நாங்க ரெடியா இருக்கோம்."

பொன்ட்ஸோ ஒரு தட்டில் களியும் கீரையும் போட்டு ஓட்டுநரிடம் நீட்டினாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். களியில் கட்டி இல்லை.